பூத்தில் ஆள் இல்லாமல் ஆட்சி மாற்றம் பேசுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆள்கின்றன, இதற்கு முடிவே கிடையாதா' என்று கேட்கும் கடிதங்கள் ஒவ்வொரு தேர்தலையொட்டியும் உங்கள் வாசகர் பக்கத்தில் வருகின்றன. கேள்வி நியாயமானதுதான். 1967 முதல் 2021 வரை நடந்த 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் ஜெயித்தது தி.மு.க. அல்லது அ.தி.மு.க. ஆனால் இதற்குக் காரணமாக எழுதப்படுபவை எப்போதும் மூன்றுதான்: பணம், சாதி, மிஷின். முதல் இரண்டையும் மறுக்க முடியாது. மூன்றாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். யாரும் எழுதாத நாலாவது ஒன்று இருக்கிறது. வாக்குச்சாவடிக்குள் முகவர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் காலை ஐந்தரை மணிக்கு எத்தனை கட்சிக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மிஷினுக்குச் சீல் வைக்கும் வரை எழுந்திருக்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் அது.

முதலில் பழைய கணக்கு ஒன்று. காங்கிரஸ் ஆட்சி முடிவுக்கு வந்த 1967 தேர்தலில் அந்தக் கட்சி வாங்கிய ஓட்டு 41.1 சதவீதம். தி.மு.க. வாங்கியது 40.7 சதவீதம். இடங்கள் மட்டும் 51-க்கு 137. தி.மு.க. கூட்டணி அமைத்துக்கொண்டு குறைந்த தொகுதிகளில் நின்றது, காங்கிரஸ் அநேகமாக எல்லா இடத்திலும் நின்றது, அதனால் இரண்டு சதவீதத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஆனாலும் ஓட்டு எவ்வளவு என்பதைவிட எந்தத் தொகுதியில் எப்படி விழுந்தது என்பதே ஆட்சியை மாற்றியது. பிறகு இரண்டு கழகங்களும் அடி வாங்கிய வருடங்களைப் பாருங்கள். 1991-ல் தி.மு.க.வுக்கு 22 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, கிடைத்தது 2 இடம். 1996-ல் அ.தி.மு.க.வுக்கு 21 சதவீதத்துக்கு மேல், கிடைத்தது 4 இடம். இரண்டு கட்சிகளும் ஐந்தே வருடத்தில் கோட்டைக்குத் திரும்பின. 2006-ல் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரே இடம் பிடித்த தே.மு.தி.க.வும், 2021-ல் ஆறரை சதவீதம் வாங்கி ஒரு இடமும் கிடைக்காத நாம் தமிழரும் அப்படித் திரும்பி எழவில்லை. தோற்ற பிறகும் கழகங்களின் கிளைச் செயலாளர் தெருவிலேயே இருந்தார். வாக்காளர் பட்டியல் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. மற்றவர்களுக்கு ஓட்டு இருந்தது, தெருவில் ஆள் இல்லை.

ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறக்குறைய 300 வாக்குச்சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் இது சுமாராகப் பொருந்தும். முன்பு ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர்கள். அதை 1,200 ஆக்கியதால் சாவடிகள் இன்னும் கூடும். ஒரு வேட்பாளர் சாவடிக்கு ஒரு முகவரையும் மாற்றாக இரண்டு பேரையும் நியமிக்கலாம். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆக, 900 பேர். இவர்கள் வாடகைக்குப் பிடித்து வரும் ஆட்களாக இருந்தால் பயனில்லை. முடிந்தவரை அதே பாகத்து (அந்தச் சாவடிக்கு உரிய பட்டியல் பகுதி) வாக்காளராக, தெருவில் யார் செத்தார், யார் திருப்பூருக்கு வேலைக்குப் போனார் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். ரிங் ரோடு ஓரம் மாநாடு போட்டு லட்சம் பேரைக் கூட்டுவது இதைவிடச் சுலபம். அங்கே கூடுகிறவரிடம் ஒரு நாள் கேட்டால் போதும். பூத் ஆளிடம் வருடம் முழுவதும் கேட்க வேண்டும்.

வருடம் முழுவதும் என்றால், வாக்காளர் பட்டியல் வேலையைச் சொல்கிறேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது நிரம்பியவர்கள் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். இறந்தவர், இடம் மாறியவர் பெயரை நீக்க படிவம் 7. முகவரி மாற்றம், பிழை திருத்தம், புது அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால்தான் இதில் உள்ள சிக்கல் தெரியும். செல்லூரிலும் ஜெய்ஹிந்த்புரத்திலும் ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புது எண் ஒன்று. அப்பாவும் அம்மாவும் ஒரு பாகத்தில், மகன் அடுத்த பாகத்தில். கல்யாணம் ஆகிப் போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டிலும் இருக்கும், புகுந்த வீட்டிலும் இருக்கும். இவற்றைச் சரி செய்யத்தான் அரசு தரப்பில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இருக்கிறார். பெரும்பாலும் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ, சொந்த வேலைக்கு மேல் இதையும் பார்ப்பவர். அவருக்கு இணையாகக் கட்சித் தரப்பில் பாக முகவர் இருக்கலாம். ஆனால் பாக முகவரை நியமிக்கும் வசதி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. மாநிலக் கட்சியாக அங்கீகாரம் வேண்டுமானால் எட்டு சதவீத ஓட்டு வாங்க வேண்டும், அல்லது ஆறு சதவீதத்தோடு இரண்டு எம்.எல்.ஏ.க்கள் வேண்டும். இப்படி வேறு சில வழிகளும் உண்டு. பட்டியலைச் சரி பார்க்க ஆள் வைப்பதற்கே முதலில் ஜெயித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பழைய கட்சிகளுக்கு இதில் கிடைக்கும் ஆதாயம் பணத்தால் கிடைப்பதைவிடச் சின்னது அல்ல என்பது என் கருத்து.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு, இடம் மாறியவர் என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் எது சரி, எது தவறு என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பேட்டி கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. தெருவுக்கு ஒரு ஆள் பட்டியலோடு போனால் இரண்டு மாலையில் தெரிந்துவிடும். பெயர் தவறாக நீக்கப்பட்டால் பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கும் கிடைக்காவிட்டால் முப்பது நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். பதினைந்து நாள் என்பது வேலை தேடி வெளியூர் போனவனுக்குத் தெரிய வருவதற்குள் ஓடிவிடும். உள்ளூரில் இருப்பவர் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

படிவம் 7-ல் இன்னொரு விளையாட்டும் உண்டு. எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போடும் தெரு என்று தெரிந்து மொத்தமாக நீக்கல் மனு கொடுப்பது. தப்பென்று தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 31-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை உண்டு. சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் பெயரை எடுக்கக் கூடாது. ஆனால் நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டதா, ஒட்டியதாக எழுதப்பட்டதா என்பதைப் பார்க்க அந்தத் தெருவில் ஒருவர் வேண்டும்.

இனி வாக்குப்பதிவு நாளுக்கு வருகிறேன். 'மிஷினில் தில்லுமுல்லு' என்று பேசுகிறவர்கள் அநேகம் பேர் மாதிரி வாக்குப்பதிவைக் கண்ணால் பார்த்தது இல்லை. காலை ஏழு மணிக்குத் தேர்தல் என்றால் ஐந்தரைக்கு அது தொடங்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் விழும்படி குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியில் முடிவைக் காட்டி, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எண்ணி இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு கருவியில் பதிவானதை அழித்து மொத்தம் பூஜ்யம் என்று முகவர்களுக்குக் காட்ட வேண்டும். சீட்டுகளின் பின்னால் மாதிரி வாக்கு என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கருவியில் பச்சைக் காகித முத்திரை. அதில் முகவர்கள் கையெழுத்துப் போடலாம். அதன் தொடர் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் தலைமை அலுவலர் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார். பல பூத்களில் நடப்பது என்ன? முதல் நாள் இரவு கட்சிக் காரியாலயத்தில் 'பூத் செலவு' பங்கு போடுவதில் விடிந்துவிடுகிறது. ஏழேகால் மணிக்கு மல்லிகை வாசனையோடும் புதுச் சட்டையோடும் வந்து உட்காருகிறார் முகவர். பச்சை முத்திரையில் அவர் கையெழுத்து இல்லை, எண் அவரிடம் இல்லை. மிஷினை நம்ப மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆதாரம் மட்டும் கிடையாது.

முகவர் நியமனத்துக்கான படிவம் 10-லேயே தகராறு தொடங்கிவிடுவதும் உண்டு. வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். இருவருடைய மாதிரிக் கையெழுத்தும் தலைமை அலுவலரிடம் இருக்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார். கடைசி நேரத்தில் தலைமை முகவரை மாற்றியவர்கள், மொத்தமாக மச்சினனை வைத்துக் கையெழுத்துப் போட வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பெஞ்சில் உட்காருவதிலும் வரிசை இருக்கிறது: முதலில் தேசியக் கட்சிகள், பிறகு மாநிலக் கட்சிகள், பிறகு பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். கடைக்கோடியில் இருப்பவருக்கு வாக்காளரின் முகம் சரியாகத் தெரியாது, பெயர் வாசிப்பதும் கேட்காது. கேட்காவிட்டால் எழுந்து நின்று கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

வருகிறவர் இன்னாரில்லை என்று முகவருக்குச் சந்தேகம் வந்தால், இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இரண்டே ரூபாய். 1961-ம் வருடத் தேர்தல் நடத்தும் விதிகளில் உள்ள தொகை. தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். ஆனால் மையும் வைத்து, உள்ளே போய், பட்டனும் அழுத்திய பிறகு சத்தம் போட்டுப் புண்ணியமில்லை. தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று வரும் வாக்காளருக்கு 49-பி விதிப்படி காகிதச் சீட்டில் டெண்டர் ஓட்டுத் தர வேண்டும். அது உறையில் போய்விடும், வழக்கமான எண்ணிக்கையில் வராது. நீதிமன்றம் கேட்டால்தான் உயிர் பெறும். இதைச் சொல்லாமல் 'ஓட்டுப் போட்டாச்சுல்ல, போங்க' என்று அனுப்பிவிடுவதும், வாக்காளர் சந்தோஷமாகப் போய்விடுவதும் சகஜம். இறந்தவர், இடம் மாறியவர், வராதவர் என்று தனிப்பட்டியல் ஒன்று தலைமை அலுவலரிடம் உண்டு. அதன் நகலைக் கட்சிக்காரரும் வைத்திருந்தால் கள்ள ஓட்டு பாதிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும்.

நாள் முழுக்க முக்கியமான நேரம் என்றால் மாலை ஐந்து மணிக்கு மேல்தான். முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தலைமை அலுவலர் எண் போட்ட சீட்டுக் கொடுப்பார். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வருவது வழக்கம். அப்படிக் கொடுத்தால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. சீட்டு வாங்கிய எல்லாரும் போட்டு முடித்ததும் கருவியில் முடிவு பொத்தானை அழுத்துவார். அதோடு அந்தக் கருவி ஓட்டு வாங்காது. பிறகு மொத்தம் எவ்வளவு என்று பார்த்து படிவம் 17-சி நிரப்புவார். அந்தச் சாவடிக்கு உரிய வாக்காளர் எத்தனை, 17-ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் எத்தனை, கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போடாமல் போனவர் எத்தனை, கருவியில் பதிவானது எத்தனை, கருவிகளின் எண்கள், காகித முத்திரைகளின் எண்கள் எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். 49-எஸ் விதிப்படி அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் நகலைக் கொடுத்தே ஆக வேண்டும். 'அங்கே இருக்கும்' என்ற இடத்தில்தான் பலருடைய உரிமை போய்விடுகிறது. நாலு மணிக்கே ஓட்டு எல்லாம் விழுந்துவிட்டது என்று டீக்கடைக்குப் போனவருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். இருக்கிறவர்களிலும் சிலர் பூர்த்தி செய்யாத தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தலைமை அலுவலருக்கும் அவசரம். வெளியே மண்டல அலுவலரின் வண்டி நிற்கிறது, காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, ஒப்படைக்கும் மையத்தில் நள்ளிரவு வரை வரிசை. இரண்டு பக்கமும் அவசரப்படும்போது எண்கள் இடம் மாறி எழுதப்படுகின்றன. அப்புறம் எண்ணும் நாளில் கருவி எண் பொருந்தவில்லை என்று கூச்சல்.

எண்ணும் மையத்தில் பெரும்பாலும் 14 மேசைகள். 300 சாவடிக்கு 22 சுற்று. ஒவ்வொரு கருவியும் மேசைக்கு வரும்போது, முகவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வேட்பாளரின் ஓட்டை அல்ல. கருவி எண், முத்திரை எண், மொத்த ஓட்டு மூன்றும் தன் கையிலுள்ள 17-சி நகலோடு ஒத்துப் போகிறதா என்று. பிறகு எல்லா வேட்பாளர்களின் ஓட்டையும் நோட்டாவையும் கூட்டினால் அதே மொத்தம் வருகிறதா என்று. நகல் இல்லாமல் வந்தவர் எதை ஒப்பிடுவார்? மாதிரி வாக்குகளை அழிக்க மறந்த கருவியோ, மொத்தம் பொருந்தாத கருவியோ இருந்தால் அதைத் தனியே வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்தக் கருவிகளில் உள்ள ஓட்டைவிட அதிகமாக இருந்தால் அதைத் திறப்பதே இல்லை. குறைவாக இருந்தால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். இது தெரியாமல் 'ஒரு பெட்டியை எண்ணாமலே விட்டுவிட்டார்கள்' என்று ஊரைக் கூட்டியவர்கள் உண்டு. குலுக்கலில் எடுக்கும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எப்படியும் எண்ணுவார்கள். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டுக் கட்டணமும் கட்டி ஐந்து சதவீதக் கருவிகளின் நினைவகத்தைச் சோதிக்க வைக்கலாம். எந்தச் சாவடியின் கருவி என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கும் அந்த ஒற்றைத் தாள்தான் வழி.

மதுரைக்காரர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்க வேண்டும். 2019 நாடாளுமன்றத் தேர்தல் சித்திரைத் தேரோட்ட நாளில் வந்தது. ஓட்டுப்பதிவு இரவு எட்டு மணி வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில், மருத்துவக் கல்லூரி மையத்தில் தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள் ஒரு அதிகாரி ஊழியர்களோடு நுழைந்த விவகாரம் வெடித்தது. உயர் நீதிமன்றம் வரை போய், மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். அன்று எல்லாரும் மிஷின் பத்திரமா என்றுதான் கேட்டார்கள். ஆனால் கேள்விக்குள்ளானது காகிதங்கள் இருந்த அறை. முகவர்கள் கையில் நகல் இருந்தால், அந்த அறையில் யார் எதைத் தொட்டிருந்தாலும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

திருப்பரங்குன்றமும் அப்படித்தான். 2016 நவம்பர் இடைத்தேர்தலில், சின்னம் ஒதுக்கும் படிவத்தில் மருத்துவமனையில் இருந்த கட்சித் தலைவரின் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை இருந்தது. எதிர் வேட்பாளர் வழக்குப் போட்டார். 2018 ஆகஸ்டில் அந்த எம்.எல்.ஏ. காலமானார். 2019 மார்ச்சில் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட்டே ஆக வேண்டும். நீதிமன்றம் அதை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ராதாபுரத்தில் 2016-ல் வித்தியாசம் 49 ஓட்டு. தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 அஞ்சல் ஓட்டுகளைத் தள்ளியது சரியா என்பதில் வழக்கு 2019-ல்தான் மறு எண்ணிக்கைக்கு வந்தது. அதன் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இப்படி ஒரு முழுப் பதவிக்காலமே ஓடிவிடும் என்பதால், தவறை அந்த மேசையிலேயே, அந்த நிமிடத்திலேயே எழுத்தில் பதிவு செய்ய வைப்பதுதான் காரியம். 2019 மே மாதம் அதே திருப்பரங்குன்றத்தில் வித்தியாசம் 2,396. முந்நூறு சாவடிக்குப் பிரித்தால் சாவடிக்கு எட்டு ஓட்டு.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரன் எழுதியதாக யாரும் நம்ப மாட்டார்கள். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே நம் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பட்டுவாடாவும் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் நடக்கிறது: பக்கத்துக்கு இத்தனை வீடு, வீட்டுக்கு இத்தனை ஓட்டு. பட்டியலும் ஆளும் இல்லாத கட்சியால் பணம் இருந்தாலும் கொடுக்க முடியாது, வழியிலேயே கரைந்துவிடும். இரு தரப்பும் கொடுக்கும்போது ஓட்டு பழைய இடத்துக்கே போகிறது. வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம், கட்சிக்கு வரம்பே இல்லை என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு பறக்கும் படை பிடிப்பது யாரை? ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தோடு மாட்டுத்தாவணிக்கு வரும் பூ வியாபாரியையும் சந்தைக்குப் போகும் ஆட்டு வியாபாரியையும்தான். அவர் ரசீதைக் காட்டிப் பணத்தை மீட்பதற்குள் இரண்டு சந்தை போய்விடும்.

நீண்ட நாள் ஆண்ட கட்சிகள் மற்ற இடங்களில் விழுந்த விதத்தையும் பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் இடதுசாரிகள் 1977 முதல் 2011 வரை 34 வருடம். 2006-ல் 294-ல் 235 இடம். அடுத்த தேர்தலில் 62. அவர்களை வீழ்த்திய கட்சியும் அதே பாடத்தைத்தான் படித்தது: 2018 உள்ளாட்சித் தேர்தலில் அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களில் போட்டியே இல்லை. திரிபுராவில் 25 வருட ஆட்சி 2018-ல் போனபோது, தோற்ற மார்க்சிஸ்ட் கட்சிக்கு 42 சதவீதம் ஓட்டு இருந்தது. ஐந்து வருடம் முன்பு இரண்டு சதவீதம்கூட எட்டாத பா.ஜ.க. ஜெயித்தது. வாக்காளர் பட்டியலின் பக்கத்துக்கு ஒரு ஆள் என்று போட்டு வேலை செய்தார்கள். அவர்களுடைய கொள்கை எனக்கு உடன்பாடில்லை, வேலையைக் குறை சொல்ல முடியாது. நம் சொந்தக்காரர்கள் நிறைய இருக்கும் மலேசியாவில், 1957 முதல் ஆண்ட கூட்டணி 2018 மே 9-ல் தோற்றது. அங்கே ஓட்டை எண்ணுவது வாக்குச்சாவடியிலேயே. எண்ணிக்கையை எழுதி முகவர்களுக்குத் தர வேண்டிய படிவம் 14-ல் அதிகாரிகள் கையெழுத்திடவில்லை என்று சில இடங்களில் புகார் கிளம்பியது. எதிர்க்கட்சிகள் அன்றிரவு முழுக்கச் சண்டை போட்டது அந்தத் தாளுக்காகத்தான்.

ஆளுங்கட்சியாக எது இருந்தாலும் அது செய்யும் ஒரு வேலை மட்டும் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது: உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப் போடுவது. மதுரை மாநகராட்சிக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நூறு வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருடத்துக்கு மேல் சாக்கடை அடைப்புக்கும் தனி அலுவலரிடம்தான் போக வேண்டியிருந்தது. அது அ.தி.மு.க. காலத்தில் தொடங்கிய தாமதம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், தி.மு.க. ஆட்சி தனி அலுவலர்களைப் போட்டது. இதில் இரண்டு கட்சிகளுக்கும் பேதமே இல்லை. புதியவர் ஒருவர் ஆயிரம் ஓட்டில் நின்று, முகவர் வைத்து, எண்ணிப் பழகும் இடம் வார்டுதான். அதை மூடிவிட்டால் சட்டமன்றத் தேர்தலுக்கு அனுபவம் உள்ள பூத் ஆள் பெரிய கட்சிகளிடம் மட்டுமே மிஞ்சுவார்.

இதில் சாதியும் வந்து சேர்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் பத்து வருடம் உருப்படியாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாவடி, காலனிக்காரர் முகவராக உட்கார முடியாத நிலை என்றால், அங்கே மேலே சொன்ன விதிகள் எல்லாம் வெறும் தாள். அப்படிப்பட்ட சாவடிகளைப் பதற்றமானவை என்று பட்டியலிட்டுக் கேமரா வைப்பதோடு அதிகாரிகள் நிறுத்திக்கொள்கிறார்கள். காலனிக்கு உள்ளேயே துணைச் சாவடி கேட்டால், வாக்காளர் எண்ணிக்கை போதாது என்று பதில் வருகிறது. எண்ணிக்கையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாத இடம் அது.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. 17-சி விவரத்தை முகவர்களைத் தவிர வேறு யாருக்கும் தர வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை என்று தேர்தல் ஆணையம் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இணையத்தில் வெளியிடச் சொல்லும் இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. ஆனால் முகவரிடம் உள்ள நகலைப் பத்திரிகை கேட்டு வாங்கிப் போட யாரும் தடை சொல்லவில்லை. எந்தத் தேர்தல் வந்தாலும், மதுரை மாவட்டத்தின் எல்லாச் சாவடிகளுக்கும் பாக எண், மொத்த வாக்காளர், பதிவான ஓட்டு, கட்டுப்பாட்டுக் கருவி எண் ஆகிய நான்கையும் உங்கள் நாளிதழ் திரட்டி வெளியிட வேண்டும். எந்தக் கட்சியிடம் எத்தனை நகல் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். பத்துத் தொகுதி, சுமார் மூவாயிரம் வரி. பொடி எழுத்தில் நாளுக்கு ஒரு தொகுதி என்றால் பத்து நாள் வேலை. 2021-ல் ஓட்டுப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே 26 நாள் இருந்தது, 2024-ல் நமக்கு 46 நாள். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தைப் பத்து நாள் விட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.